சைக்கிளின் பின்னால் ஓடியவன்

மகன்,

உனக்கு அப்போது ஏழு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நம் கெட்டம்பே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். நீ மேசை விளிம்பில் நாடியை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாய். படிவம் சிங்களத்தில் இருந்ததால் உனக்கு வாசிக்க முடியவில்லை. ஆனால் எண்ணத் தெரியும். மூன்று வரிகளை எழுதிவிட்டு நான் கீழே ஒரு கோடு இழுத்தேன். நீ விரலை வைத்து எண்ணிப் பார்த்தாய். "நாம நாலு பேரு இருக்கோமே. ரவி மச்சான் நம்ம வீட்டு ஆள் இல்லையாப்பா?" என்று கேட்டாய். "போய்க் கணக்கைச் செய்" என்றேன். நீ போய்ச் செய்தாய். சொன்னதைக் கேட்கும் பிள்ளை நீ. முப்பத்துமூன்று வருடம் வகுப்பறையில் நின்றவன் நான். பதில் தெரியாத கேள்வியைப் பிள்ளைகள் கேட்டால், "எனக்குத் தெரியாது, பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்ல நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. உன் கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அதனால்தான் உன்னை எழுப்பி அனுப்பினேன்.

நீ அனுப்பிய இரண்டு பக்கங்களும் கிடைத்தன. நீ நடத்தும் சைக்கிள் சுற்றுலாவுக்கான புதிய கையேட்டில் போட வேண்டும், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் பார்த்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாய். "எழுத்துப் பிழைய மட்டும் பாருங்கப்பா, மத்ததெல்லாம் சரி" என்று தொலைபேசியிலும் சொன்னாய். பழைய பழக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுத்துப் பிழை நான்குதான். மற்றதுதான் சரியில்லை. உன் முதல் வரி இப்படி இருக்கிறது: "என் ஏழாவது வயதில், மகாவலி ஓரத்து வீதியில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு என் அப்பா என் பின்னால் ஓடினார், அன்று தொடங்கிய பயணம் இது." கடைசிப் பந்தி இப்படி முடிகிறது: "தன் கடிதத்தால் மகனை வீட்டுக்கு அழைத்து, பின்னர் அவனைப் போரில் இழந்த ஒரு தாய், இந்த அமைதியான வீதியின் முடிவில் உங்களுக்குத் தேநீர் தருவார்." இரண்டு வரியும் பொய். நீ சொன்ன பொய் அல்ல. இரண்டும் நான் திருத்தாமல் விட்டதால் உன்னிடம் உண்மையாக வந்து சேர்ந்தவை. இந்தக் கடிதம்தான் என் திருத்தம். இதை யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. ஒளிக்க வேண்டும் என்று நான் நினைத்த காலம் முடிந்துவிட்டது.

முதல் வரியிலிருந்து தொடங்குகிறேன். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது, மகன். நீ சிரிப்பாய். ஆனால் யோசித்துப் பார், நான் சைக்கிளில் ஏறி நீ எப்போதாவது பார்த்திருக்கிறாயா? ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தவன் நான். அங்கே வீட்டு வாசலை விட்டு இறங்கினால் படி, படி முடிந்தால் ஏற்றம். பள்ளிக்கூடத்துக்கு இறங்குவோம், பின்னேரம் மூச்சிரைக்க ஏறுவோம். சைக்கிள் என்பது எங்களுக்குக் கண்டி டவுனில் பேக்கரிப் பாண் கொண்டு போகிறவர்களிடம் பார்க்கும் சாமான். போன வருடம் உன் பயண நிறுவனத்தின் தொடக்க விழாவில் நீ ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "எனக்குச் சைக்கிள் பழக்கிய என் அப்பா இங்கே இருக்கிறார்" என்றாய். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். நான் கதிரையிலிருந்து எழும்பி, கைகூப்பிவிட்டு, மறுபடி உட்கார்ந்தேன். அந்தக் கைதட்டலில் ஒன்றைக்கூட வாங்க எனக்கு உரிமை இல்லை.

உனக்குச் சைக்கிள் பழக்கியது ரவி. ரவிச்சந்திரன், உன் மல்லிகா அத்தையின் ஒரே மகன். அத்தையைக் கட்டிய மாமாவின் குடும்பம் எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு ஹந்தானையை விட்டு வன்னிக்குப் போனது. காடு வெட்டி, கிணறு தோண்டி, ஒட்டுசுட்டான் பக்கம் குடியேறினார்கள். என் தங்கை அங்கேதான் வாழ்க்கைப்பட்டுப் போனாள். ரவிக்குப் பத்தொன்பது வயதானபோது அங்கே இயக்கம் போருக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கேட்கிற காலம் வந்தது. இருந்ததே ஒரு பிள்ளை. அத்தை அவனைப் பஸ் ஏற்றி என்னிடம் அனுப்பினாள். "அண்ணே, உங்க வீட்டுல ஒரு மூலையில படுத்துக்கட்டும். படிக்க வைக்க வேணாம், வேலை தேடித் தர வேணாம். இருக்கட்டும், அவ்வளவுதான்" என்று அவன் கையில் ஒரு துண்டு எழுதிக் கொடுத்திருந்தாள். அவள் என்னிடம் கேட்டது அவ்வளவுதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்.

அவன் நம்மோடு இரண்டு மாதம் இருந்தான். வந்த மறுநாளே சும்மா இருக்க முடியாமல், பக்கத்து வீட்டு குணதாச மாத்தயாவின் கொட்டகையில் கிடந்த பழைய சைக்கிளைக் கேட்டான். "கொண்டு போ, அதில் இப்போது கோழிதான் முட்டை போடுகிறது" என்று அவர் சிங்களத்தில் சொன்னார். ரவி அதைப் பிரித்துப் போட்டு, மண்ணெண்ணெயில் கழுவி, ரியூப்புக்கு ஒட்டுப் போட்டு மூன்றே நாளில் ஓட வைத்தான். போர்த் தடையால் எரிபொருள் போகாத ஊரில் வளர்ந்தவன் அவன். அங்கே நெல்லும் விறகும் நோயாளியும் மணப்பெண்ணும் சைக்கிளில்தான் போவார்கள் என்று கதை கதையாகச் சொல்வான். எனக்கு ஓட்டத் தெரியாது என்று கேள்விப்பட்டதும் அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மாமா, மலையில பிறந்த ஆக்களுக்குப் பெடல் தேவையில்ல. பிரேக் மட்டும் இருந்தாக் காணும்" என்றான். அம்மா அடுப்படியில் நின்று சிரித்தாள். "அவருக்கு அதுவும் வேணாம் ரவி. அவரு நடக்கிறதே பிரேக் போட்டுத்தான்" என்றாள்.

பின்னேரங்களில் உன்னைக் கூட்டிக்கொண்டு ஹல்லொலுவைக்குப் போகும் ஆற்றோர வீதிக்குப் போவான். ஒரு பக்கம் மகாவலி, மறுபக்கம் மூங்கிலும் மதில்களும். வாகனம் அபூர்வம். நானும் வருவேன், வந்து ஆற்றுப் பக்க மதிலில் உட்கார்ந்து பத்திரிகை பார்ப்பேன். உனக்குக் கால் எட்டாது. சாய்ந்து சாய்ந்து மிதிப்பாய். "மாப்பிள, முன் சில்லப் பார்க்காத. அது எங்கயும் ஓடிப் போகாது. ரோட்டப் பார்" என்று கத்திக்கொண்டு அவன் பின்னால் ஓடுவான். "விட்டுறாதீங்க, விட்டுறாதீங்க" என்று நீ அலறுவாய். "விடேல்ல, பிடிச்சிருக்கிறன், நீ மிதி" என்பான். அவன் கை எப்போதோ எடுபட்டிருக்கும். வெறுங்கையோடு, பிடித்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு, நீ தொங்குபாலத்துக்குப் போய்ச் சேரும்வரை பின்னால் ஓடி வந்தான். சைக்கிளில் இருப்பவனுக்குப் பின்னால் ஓடுபவனின் முகம் தெரியாது. திரும்பும்போது நீ மதிலில் உட்கார்ந்திருந்த என்னைத்தான் பார்த்தாய். வருடங்கள் போகப் போக, அந்தக் கைகளுக்கு நீ என் முகத்தைப் பொருத்திவிட்டாய். ஒன்பது வயதில் ஒரு பள்ளிக்கூடக் கட்டுரையில், "எனக்குச் சைக்கிள் பழக்கியவர் என் அப்பா" என்று எழுதிக்கொண்டு வந்தாய். நான் வாசித்தேன். திருத்தவில்லை. திருத்தினால் அடுத்த கேள்வி, "அப்ப ரவி மச்சான் எங்க?" என்பதாக இருந்திருக்கும்.

இனிப் படிவத்துக்கு வருகிறேன். நீ பெரியவனானபோது அது இல்லாததால் விளக்கிச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் கண்டியில் வீட்டுக்கு வீடு பொலிஸ் ஒரு படிவத்தைக் கொடுக்கும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், நிரந்தரமாகவா, வந்து தங்கியிருக்கிறார்களா, அடையாள அட்டை எண் என்ன என்று எழுதி, கிராம சேவகரிடம் ஒப்பம் வாங்கிக் கொடுக்க வேண்டும். எழுதாத ஆள் ஒருவர் சோதனையில் அகப்பட்டால் அவருக்கும் கரைச்சல், வீட்டுக்காரருக்கும் கரைச்சல். எழுதினாலும், வன்னி முகவரி அச்சிட்ட அட்டை என்றால் கேள்வி வரும், கூப்பிடுவார்கள், ஒரு நாள் இரண்டு நாள் வைத்திருந்து விசாரிப்பார்கள். எனக்குச் சிங்களம் நன்றாக எழுத வரும் என்பதால் அந்த வாரம் முழுவதும் ஹந்தானை லயன்களிலிருந்து ஆட்கள் படிவத்தோடு நம் வீட்டுக்கு வந்தார்கள். விறாந்தையில் வரிசையாக இருப்பார்கள். "சேர், அக்கா மகன் முல்லைத்தீவுல இருந்து வந்து நிக்கிறான், எழுதவா, விடவா?" என்று ஒருவர் கேட்டார். நான் அவருக்குச் சொன்ன பதில் இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. "எழுதுங்க. உள்ளத எழுதினா பயம் இல்ல. மறைச்சாத்தான் ஆபத்து. கூப்பிட்டா நானே உங்களோட வாறேன்." அவருடைய அக்கா மகனின் பெயரை நானே என் கையால் எழுதினேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். ஒரு மணித்தியாலம் விசாரித்துவிட்டு விட்டார்கள். அந்தப் பையன் இப்போது பல்லேகலவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். போன தைப்பொங்கலுக்கு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து என் காலில் விழ வைத்தான்.

எல்லாருடைய படிவத்தையும் எழுதி முடித்து, கடைசியாக ஞாயிற்றுக்கிழமை காலை என் படிவத்தை எடுத்தேன். மூன்று பெயர் எழுதினேன். நாலாவது வரியில் பேனா நிற்கவில்லை, தயங்கவில்லை. முதலிலேயே முடிவு செய்திருந்தேன். நீ கணக்குச் செய்யப் போன பிறகு அம்மா வந்து தாளைப் பார்த்தாள். அவளுக்கும் சிங்களம் வாசிக்கத் தெரியும்.

"ரவி பேரு எங்க?"

"அவன அனுப்பிறலாம்னு பார்க்கிறேன்."

"எங்க அனுப்புறது? அங்கயா?"

"கொஞ்ச நாளைக்குத்தான். நம்ம புள்ளயப் பத்தி யோசிக்க வேணாமா?"

"யோசிச்சுத்தான் சொல்றேன். எழுதுங்க. ஊர்க்காரங்க பேரெல்லாம் எழுதினீங்களே" என்றாள். நான் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

உன்னைப் பற்றி யோசித்தேன் என்று அவளிடம் சொன்னேன். பல வருடம் எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன். ஒரு தகப்பன் தன் பிள்ளைக்காகப் பயந்தான் என்றால் யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். அது மிக வசதியான காரணம். ஆனால் அதற்கு முந்திய வாரம் எனக்கு எங்கள் பள்ளிக்கூடத்தின் உப அதிபர் பதவிக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்திருந்தது. என்னோடு படிப்பித்த ஒருவர், வடக்கிலிருந்து வந்த ஒரு பையனைத் தங்க வைத்ததால் விசாரிக்கப்பட்டு, அந்த வருடம் கிடைக்க வேண்டிய பதவி உயர்வு இல்லாமல் போனதை நான் பார்த்திருந்தேன். லயன்காரருக்காகப் பொலிஸுக்குப் போனால் நான் உதவிக்குப் போன ஆசிரியர். ரவிக்காகப் போனால் நான் கூப்பிடப்பட்ட ஆள். வித்தியாசம் அவ்வளவுதான். உன் பாதுகாப்பு என்ற பெரிய தாளுக்கு அடியில் அந்தச் சின்னக் கடிதம் இருந்தது. பதவி கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அந்தக் கதிரையில் இருந்தேன். நல்ல உப அதிபர் என்றுதான் பேர்.

திங்கட்கிழமை காலை ரவியிடம் சொன்னேன். அவன் பாணைச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "ரவி, இங்க நிலைமை சரியில்ல. கொஞ்ச நாளைக்கு ஊருக்குப் போயிட்டு வா" என்றேன். வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, "லிஸ்ட்டில என்ட பேர் இல்லையோ மாமா?" என்று கேட்டான். அவன் ஒரு குறையும் சொல்லவில்லை. தகவல் கேட்பதுபோலக் கேட்டான். நான் பாண் தட்டை அவன் பக்கம் தள்ளினேன். "பரவால்ல. எழுதினா உங்களுக்குத்தான் கரைச்சல்" என்றான். செவ்வாய்க்கிழமை கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் வவுனியா பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். யன்னலுக்குள்ளால் தலையை நீட்டி, "மாமா, சைக்கிளுக்குப் பின் பிரேக் கட்டை தேஞ்சு போச்சு. மாத்திப்போட்டு அவனுக்குக் குடுங்கோ" என்று சொன்னான். பஸ் போய்விட்டது.

அவன் போய் நாலாம் நாள் அத்தையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உறையில் அவன் பெயர், நம் விலாசம். அவன்தான் ஊருக்கே போய்விட்டானே, அடுத்த முறை வரும்போது கொடுக்கலாம் என்று பிரிக்காமல் அலுமாரியில் என் சான்றிதழ் உறைகளோடு வைத்தேன். சில வாரங்களில் வடக்கே போகும் வீதி மூடப்பட்டது. அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை. அம்மா இதைப் பற்றி என்னோடு சண்டை பிடிக்கவில்லை. ஒன்று மட்டும் செய்தாள். அதற்குப் பிறகு நம் வீட்டுக்கு வந்த எந்தப் படிவத்தையும் அவள் என்னை எழுத விடவில்லை. வாக்காளர் பட்டியல், உன் பள்ளிக்கூட விண்ணப்பம், மின்சாரக் கந்தோர்ப் படிவம் எதுவானாலும், "விடுங்க, நான் எழுதுறேன்" என்று வாங்கிக்கொள்வாள். கடைசியாக வைத்தியசாலையில் அவளை அனுமதித்தபோது தாதி ஒரு தாளை என்னிடம் நீட்டினாள். அம்மா கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டி அதை வாங்கி, நடுங்கும் எழுத்தில் தன் பெயரைத் தானே எழுதினாள். நீ பக்கத்தில்தான் நின்றாய். அம்மாவுக்கு எவ்வளவு மனவுறுதி என்று பிறகு என்னிடம் சொன்னாய்.

போர் முடிந்து அத்தை செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து வெளியே வந்தபோது ஒரு பையும், மாமா செத்த செய்தியும் கொண்டு வந்தாள். ரவி, கடைசி நாட்களில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் சனம் நெருக்கியடித்துக் கிடந்த இடத்தில், தண்ணீர் எடுக்க இரண்டு கான்களைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போனவன் திரும்பவில்லை என்றாள். இடையில் அவன் இயக்கத்தில் இருந்தானா, யாரிடம் அகப்பட்டான் என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. பின்னர் அந்தக் கரையில் துருப்பிடித்த சைக்கிள்களை மலைபோலக் குவித்து வைத்திருந்தார்கள். போக விட்ட நாள்களில் எல்லாம் அவள் போய், அந்தக் குவியலைச் சுற்றிச் சுற்றி நடந்து, அவன் சைக்கிளின் கரியரைத் தேடியிருக்கிறாள். அது அவனே இரும்பு ஒட்டிச் செய்தது, பார்த்தால் தெரியும் என்றாள். கிடைக்கவில்லை. பிறகு குவியலையே கொண்டு போய்விட்டார்கள். இதையெல்லாம் சொன்னவள், அவன் ஏன் கண்டியிலிருந்து திரும்பி வந்தான் என்று என்னைக் கேட்கவில்லை. அவன் சொல்லியிருப்பான், அவளுக்குத் தெரியும், தெரிந்தும் அண்ணன் என்று பொறுத்துக்கொண்டு விட்டாள் என்று நினைத்தேன். நான் அவள் மௌனத்தை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். வருடா வருடம் ஒரு சேலை வாங்கி அனுப்பினேன்.

இனி இந்த வருடம் மாசியில் நீ என்னை வேனில் ஏற்றிக்கொண்டு போன பயணம். ஆறு விருந்தினர்கள், நீ முன்னால், வேன் பின்னால், சாரதிக்குப் பக்கத்தில் நான். கன்னொறுவையில் நிறுத்தி, போர்த்துக்கேயப் படையை இந்த ஆற்றங்கரையில் கண்டிக்காரர்கள் மடக்கிய கதையைச் சொன்னாய். நன்றாகச் சொன்னாய். அவர்கள் சிரித்துப் படம் எடுத்தார்கள். அது பழைய சாவு. அதைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் அனுமதி உண்டு. தெல்தெனியாவைத் தாண்டி, விக்டோரியா நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி போய், வளைவு வளைவாக மகியங்கனைக்கு இறங்கினீர்கள். மகாவலி நம் வீட்டுக்குப் பின்னால் ஓடுவதை விட அங்கே அகலமாக, அவசரமில்லாமல் ஓடியது. நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். உன் முதுகையும் பார்த்தேன். கையை விட்டு ஓட்டுகிறாய், திரும்பிப் பேசுகிறாய், தூரத்து ரோட்டைப் பார்க்கிறாய். அவன் சொல்லித் தந்தபடியே ஓட்டுகிறாய். இறங்கி வந்து, "எப்படி இருக்குப்பா?" என்று கேட்டாய். "நல்லா இருக்கு" என்றேன். நல்லாகத்தான் இருந்தது. உன் தொழிலில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் நாள் ஒட்டுசுட்டானுக்குத் திரும்பும் வீதிக்கு வந்தோம். நேரான வீதி, இரண்டு பக்கமும் பற்றைக்காடு, இடையிடையே கூரை இல்லாத சுவர். அரை மணி நேரத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள் போகும். விருந்தினர்களில் வயதான பெண் வேனில் தண்ணீர் குடிக்க வந்தபோது, இலங்கையில் இவ்வளவு அமைதியான வீதியை வேறெங்கும் காணவில்லை என்று என்னிடம் சொன்னார். நீயும் உன் பக்கங்களில் "அமைதியான வீதி" என்று ஆறு இடத்தில் எழுதியிருக்கிறாய். பிள்ளைகள் பரீட்சை எழுதும்போது வகுப்பு அமைதியாக இருக்கும். பாடசாலை மூடிய பிறகும் அதே வகுப்பு அமைதியாக இருக்கும். வெளியே நிற்பவன் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அந்தப் பெண் வெளியே நிற்பவர், அவருக்குத் தெரியாது. நீ அப்படி எழுதலாமா என்று யோசித்துப் பார். ஆறில் ஒன்றையாவது வெட்டு.

பிறகு அத்தையின் முற்றம். பலா மரத்தின் கீழ் பிளாஸ்ரிக் கதிரைகள். இஞ்சித் தேத்தண்ணி, எள்ளுருண்டை. அவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் அவளுடைய மகனைப் பற்றிக் கேட்க, நீ அத்தையிடம் திரும்பி, "சொல்ல ஏலுமா அத்தை? வேணாம்னா விடுங்க" என்றாய். அத்தை சொன்னாள். நீ வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொன்னாய். நீ மொழிபெயர்ப்பதில் மும்முரமாக இருந்ததால் அவள் சொன்னதை நீ கேட்டாயா என்று தெரியவில்லை. நான் கேட்டேன். "கண்டியில அண்ணன் வீட்டில பத்திரமா இருந்த பிள்ள. எனக்குத்தான் மனம் கேக்கேல்ல. ஒருக்கா வந்து முகத்தக் காட்டிட்டுப் போ ராசா எண்டு காயிதம் போட்டன். வந்து நிண்டான். காயிதம் கிடைச்சதோ எண்டு கேட்டன். ஓம் அம்மா, கண்ட உடன வந்திட்டன் எண்டான். நான் கூப்பிடாட்டி அவன் வந்திருக்க மாட்டான். என்ட கையால நான் எழுதினது." தன் வலது கையைத் தூக்கி அந்த வெள்ளைக்காரர்களுக்குக் காட்டினாள். அந்தப் பெண் அழுதார். ஒருவர் படம் எடுத்தார். அந்தப் படம்தான் உன் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.

அந்தக் கடிதம் அவன் கைக்குப் போகவே இல்லை, மகன். பிரிக்காத உறையோடு என் அலுமாரியில் இருக்கிறது. கண்டித் தபால் முத்திரையில், அவன் போனதற்குப் பிந்திய திகதி தெளிவாகத் தெரிகிறது. நான் அவனைத் துரத்தினேன் என்று தாயிடம் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. என் மானத்தைக் காப்பாற்ற, வாசிக்காத கடிதத்தை வாசித்ததாகச் சொல்லியிருக்கிறான். அந்தப் பொய்க்குள் தன் தாய் இத்தனை வருடம் கிடப்பாள் என்று பத்தொன்பது வயதில் அவனுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த முற்றத்தில் நான் எழும்பி நின்று சொல்லியிருக்க வேண்டும். தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். "அண்ணே, சீனி போதுமா?" என்று அவள் கேட்டாள். "போதும்" என்றேன்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி இந்தக் கடிதத்துக்குப் பிறகு எனக்கு எவ்வளவு மிஞ்சும் என்று தெரியாது. ஒன்று சொல்கிறேன். பெரிய துரோகம் செய்யும்போது கை நடுங்கும் என்று நினைத்துக்கொண்டிருக்காதே. எனக்கு நடுங்கவில்லை. அழகான கையெழுத்தில், நேரான கோடு போட்டு முடித்தேன். இன்னொன்று, தவறைப் பிறகு திருத்தலாம் என்று வைத்தால் அது வைத்த இடத்தில் சும்மா இருக்காது. வேறொருவர் தலையில் போய் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு அத்தைக்குத் தொலைபேசி எடுக்காதே. அது உன் வேலை அல்ல. நாளைக் காலை நான் குட்செட்டில் வவுனியா பஸ் ஏறுகிறேன். அவள் கடிதம் என் பையில் இருக்கும். அதை அவள் கையில் கொடுத்து, அவளே பிரித்துப் பார்க்கும்வரை பக்கத்தில் நிற்பேன். அவள் என்னைத் திட்டினால் திட்டட்டும். வெளியே போகச் சொன்னால் போய் வீதியில் நிற்கிறேன். சேலை ஒன்றும் வாங்கவில்லை. அவள் படத்தைக் கையேட்டில் போடலாமா, என்ன எழுதலாம் என்பதை அதற்குப் பிறகு அவளிடம் கேட்டுக்கொள். அதுவரை கடைசிப் பந்தியை அச்சுக்குக் கொடுக்காதே.

முதல் வரிக்கு யாரையும் கேட்கத் தேவையில்லை. அதை எடு. "என் அப்பா" என்பதை வெட்டிவிட்டு, மேலே ரவிச்சந்திரன் என்று முழுப் பெயராக எழுது. எழுதிவிட்டு அந்த வரியை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்.